வதரி மலைப் பள்ளத்தாக்கும் கடல்மல்லைக் கரையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியின் முதற்பதிகத்தில் நாராயண நாமத்தின் ஏற்றத்தை அருளிச்செய்தார். அந்நாமத்தைப் பெற்றவுடனே அவர் திருவுள்ளம் சென்ற இடம் இமயமலை. இரண்டாம் பதிகம் திருப்பிரிதிக்கும், மூன்றும் நான்கும் வதரிக்கும், ஐந்தாம் பதிகம் ஸாளக்கிராமத்துக்கும் ஆயின. பின்னர் நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம் என்று படிப்படியாகத் தெற்கே இறங்கி, திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை ஆகிய திவ்யதேசங்களை மங்களாசாஸனம் செய்து, இரண்டாம் பத்தின் ஐந்தாம் ஆறாம் பதிகங்களில் கடல்மல்லையை வந்தடைகிறார். பனிமலையில் தொடங்கிய நடை கடற்கரை மணலை எட்டுகிறது. ஆழ்வார் இரண்டு பதிகங்களால் கொண்டாடிய வதரிப் பள்ளத்தாக்கையும், அவ்வாறே இரண்டு பதிகங்களால் கொண்டாடிய கடல்மல்லையையும் சேர்த்து அநுபவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணத் தூண்டியது ஒரு கேள்வி. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்னும் இக்கடற்கரை ஊர்களில் வாழும் முதிய அடியார்கள் பலரிடம் அதைக் கேட்கிறோம். “உத்தியோகம், குழந்தைகளின் படிப்பு, கல்யாணம் என்று காலம் கழிந்தது. ஓய்வு பெற்றபின் பத்ரி போகலாம் என்றிருந்தோம். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை, மருத்துவர் மலையேற வேண்டாம் என்கிறார். ஆழ்வாரோ மூப்பு வருமுன் வதரியை வணங்குவோம் என்கிறார். காலம் கடந்துவிட்ட எங்களுக்கு அந்தப் பதிகத்தில் இடம் உண்டா?” என்பதே அது. கடல் கடந்து தூர தேசங்களில் இருக்கும் அடியார்களுக்கும் இந்த ஏக்கம் உண்டு. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆழ்வார் திருவாக்கையே பற்றி எழுந்த கேள்வியாகையால், ஆழ்வார் திருவாக்கிலேயே விடை தேடுவோம்.

திருப்பிரிதி: மலையின் வாசல்

வதரிக்குச் செல்வோர் ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. மலைப்பாதையில் பயணம் செய்ய வேண்டும். அலகநந்தா நதியே வழிகாட்டி. தேவப்ரயாகையில் பாகீரதியும் அலகநந்தையும் கூடிக் கங்கை என்னும் பெயர் பெறுகின்றன. பெரியாழ்வார் மங்களாசாஸனம் செய்த கண்டமென்னும் கடிநகர் இதுவே. அங்கிருந்து மேலே ருத்ரப்ரயாகையில் மந்தாகினியும், கர்ணப்ரயாகையில் பிண்டாரும், நந்தப்ரயாகையில் நந்தாகினியும், விஷ்ணுப்ரயாகையில் தௌலி கங்கையும் அலகநந்தையோடு வந்து கலக்கின்றன. கீழிருந்து மேலே செல்லச் செல்ல நதி ஒடுங்குகிறது, ஓசை பெருகுகிறது, மலைகள் இருபுறமும் நெருங்குகின்றன.

விஷ்ணுப்ரயாகைக்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது ஜோஷிமட். திருப்பிரிதி என்று பெரியோர் பலர் கொள்ளும் இடம் இது. இங்கே நரஸிம்ஹன் ஸந்நிதி உள்ளது. திருப்பிரிதிப் பதிகத்தில் ஆழ்வார் இமயத்தின் அழகை ஒரு வழிப்போக்கன் கண்ணால் அல்லாமல் காதலன் கண்ணால் காண்கிறார். மேகம் முழங்க, மயில்கள் மலையுச்சியில் ஏறித் தோகை விரித்தாடுகின்றன. ஏலம் மணக்கும் சோலைகள் குளிர்ந்திருக்கின்றன. பெரிய களிறு ஒன்று இளமூங்கில் முளையைத் தேனில் தோய்த்துத் தன் பிடிக்கு ஊட்டுகிறது. அசோகம் சிவக்கச் சிவக்கப் பூத்திருப்பதைக் கண்ட வண்டுகள் தீப்பற்றியதோ என்று அஞ்சி விலகுகின்றன. இருண்ட குகையில் பசித்த பாம்பு கொட்டாவி விடுகிறது. பயமும் இனிமையும் கலந்த மலை இது. களிறு பிடிக்கு ஊட்டுமிடத்திலேயே பாம்பும் பசித்துக் கிடக்கிறது. இத்தனையையும் சொல்லி, அத்தகைய பிரிதியைச் சென்று சேர் என்று தம் நெஞ்சுக்கு உபதேசிக்கிறார்.

ஜோஷிமட் நரஸிம்ஹனைப் பற்றி அவ்வூரார் சொல்லும் ஐதிஹ்யம் ஒன்றுண்டு. அம்மூர்த்தியின் ஒரு திருக்கை நாளுக்கு நாள் மெலிந்து வருகிறதாம். அது முற்றும் மெலிந்து பிரியும் காலத்தில் ஜய விஜய மலைகள் ஒன்றோடொன்று கூடிவிடும், வதரிக்குச் செல்லும் வழி அடைபடும், அப்போது எம்பெருமான் பவிஷ்ய பத்ரியில் ஸேவை ஸாதிப்பான் என்பர். 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நகரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடித்ததை நாம் அறிவோம். இதைக் கொண்டு ஐதிஹ்யத்துக்கு நாள் குறிப்பது நமக்குத் தகாது. ஆயினும் அந்த ஐதிஹ்யம் உணர்த்தும் ஒன்றை மறக்கலாகாது. வழி அடைபட்டாலும் ஸேவை அடைபடாது. வேறோரிடத்தில் அவன் தானே வந்து நிற்பான்.

பத்ரிகாச்ரமம்: நரனும் நாராயணனும்

ஜோஷிமட்டைக் கடந்தால் கோவிந்தகாட். அங்கிருந்து பிரியும் பாதை கங்காரியா வழியாக மலர்ப் பள்ளத்தாக்குக்குச் செல்கிறது. புஷ்பவதி என்னும் ஆறு பாயும் இப்பள்ளத்தாக்கை 1931இல் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் கண்டு எழுதியபின் உலகம் அறிந்தது. 1982இல் தேசியப் பூங்காவாயிற்று. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆடி ஆவணி மாதங்களில் பனி விலகிய சரிவு முழுவதும் பூவாகவே இருக்கும். மஹாபாரதத்தின் வனபர்வத்தில், காற்றில் மிதந்து வந்த ஸௌகந்திக மலரைக் கண்டு திரௌபதி விரும்ப, அது போன்ற மலர்களைத் தேடி பீமன் புறப்பட்டது இந்த வதரி மலைப்பக்கத்திலிருந்துதான். வழியில் வயது முதிர்ந்த வானரம் ஒன்று வாலை நீட்டிப் படுத்திருந்தது. மூப்பினால் எழ முடியவில்லை, வாலை நீயே நகர்த்திவிட்டுப் போ என்றது. பீமன் தன் பலமெல்லாம் கொண்டும் அந்த வாலை அசைக்க முடியவில்லை. அவர் திருவடியான ஹனுமான் என்று பின்னரே அறிந்தான். பாண்டுகேச்வரத்துக்கும் பத்ரிக்கும் இடையே உள்ள ஹனுமான் சட்டியை அந்நிகழ்ச்சி நடந்த இடமாகக் காட்டுவர். மூப்பைக் கண்டு எளிதாக எண்ணலாகாது என்னும் இப்பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில், அலகநந்தையின் கரையில், நர பர்வதம் நாராயண பர்வதம் என்னும் இரு மலைகளுக்கு இடையே விரிகிறது வதரிப் பள்ளத்தாக்கு. ஸந்நிதிக்குப் பின்னால் நீலகண்ட சிகரம் வெண்பனி போர்த்து நிற்கிறது. விடியற்காலையில் முதற்கதிர் அச்சிகரத்தில் பட்டுப் பொன்னிறமாவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கீழே பனியாக உருகி ஓடும் நதி, அதன் கரையிலேயே கொதிக்கும் நீர் சுரக்கும் தப்தகுண்டம். கடுங்குளிரில் வரும் அடியார் நீராட வேண்டுமே என்று எம்பெருமான் வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறான் என்றே நாம் அநுஸந்திப்போம். ஸந்நிதியில் அவன் ஸாளக்கிராமத் திருமேனியனாய், பத்மாஸனத்தில் தவக்கோலத்தில் வீற்றிருக்கிறான். அருகே ப்ரஹ்மகபாலத்தில் பித்ருக்களுக்குப் பிண்டம் இடுவர். மூன்று கி.மீ. அப்பால் மாணா கிராமம், வ்யாஸர் குகை, ஸரஸ்வதி நதியின்மேல் பாறையே பாலமாகக் கிடக்கும் பீம்புல்.

வதரி என்பது இலந்தை மரம். எம்பெருமான் வெயிலிலும் பனியிலும் தவம் புரிய, பெரிய பிராட்டியார் அது பொறாமல் இலந்தை மரமாய் நின்று நிழல் செய்தாள், அதனால் இத்தலத்துக்கு இப்பெயர் வந்தது என்பது ஸ்தல ஐதிஹ்யம். தர்மனுக்கும் மூர்த்திக்கும் பிள்ளைகளாய் நரன், நாராயணன் என்று இருவராய் அவதரித்து எம்பெருமான் இங்கே தவம் செய்தான். அத்தவத்தைக் கலைக்க இந்திரன் அப்ஸரஸ்ஸுக்களை ஏவ, நாராயணன் தன் தொடையிலிருந்து ஊர்வசியைத் தோற்றுவித்து இந்திரனுக்கே கொடுத்தனுப்பினான். கண்ணன் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளும் காலத்தில் உத்தவரை வதரிக்குப் போகும்படி நியமித்ததாக ஸ்ரீபாகவதம் பதினோராம் ஸ்கந்தம் கூறும்.

இவை எல்லாவற்றிலும் நமக்கு முக்கியமானது, திருமந்த்ரம் இங்கே வெளியானது. நாராயணன் ஆசார்யனாயிருந்து நரனுக்கு உபதேசித்தான். சிஷ்யனும் அவனே, ஆசார்யனும் அவனே. சிஷ்யன் எப்படியிருக்க வேண்டும் என்பதை உலகத்தார் அறியாதபடியால், அதைக் காட்டவே தானே சிஷ்யனாய் நின்றான் என்று பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் அருளிச்செய்தார். நாராயண நாமத்தைப் பாடிய கையோடு ஆழ்வார் இமயத்தை நோக்கியதன் காரணம் இதனால் விளங்கும். மந்த்ரம் பெற்றவன் மந்த்ரம் பிறந்த இடத்தைத் தேடுவது இயல்புதானே.

மூப்பு வருமுன்

இனி, நம் கேள்விக்குக் காரணமான பதிகம். மூன்றாம் பதிகத்தின் தொடக்கப் பாசுரங்களில் ஆழ்வார் கிழத்தனத்தை இரக்கமின்றிச் சித்திரிக்கிறார். கோலே துணையாகி, முன்வைக்கும் அடியையே பார்த்து வளைந்து, சிறிது நடந்து, கால் ஒடிந்தவன்போல் தளர்ந்து உட்காரும் நிலை. ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கோல் ஊன்றி, உடல் நடுங்கிக் கண் சுழன்று இருமும் நிலை. இப்படி மூத்துவிட்டாரே என்று இளையவர்கள் சிரிப்பதும், இங்கே இராதீர் போம் என்று அருவருத்துத் தள்ளுவதும் வருகின்றன. இவை நேருமுன் வதரியை வணங்குவோம் என்பது அவர் அழைப்பு.

இதன் கருத்து யாது? மலையேறக் கால்வலிமை வேண்டும் என்பது வெளிப்படை. 3,100 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும் என்பது இன்றைய மருத்துவரும் சொல்வதே. சித்திரை வைகாசியில் திறக்கும் ஸந்நிதி தீபாவளிக்குப் பின் பனிக்காலத்தில் மூடப்பட்டு, தேவர்களும் நாரதரும் ஆறு மாதம் ஆராதிப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஆண்டிலும் பாதி நாளே வாய்ப்பு, வாழ்நாளிலும் பாதி நாளே வாய்ப்பு. வலிமை உள்ளவர்கள் நாளை நாளை என்று தள்ளலாகாது என்பதில் ஐயமில்லை. இளைய வாசகர்கள் இப்பதிகத்தை நேர்பொருளிலேயே கொள்க. பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணியிருப்போர் அவர்கள் நடக்கும்போதே அழைத்துச் செல்க.

ஆனால் இப்பதிகத்தின் ஒவ்வொரு பாசுரத்திலும் கிழவனைக் காட்டிய ஆழ்வார் எம்பெருமானையும் காட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதற்பாசுரத்தில் தள்ளாடும் கிழவனுக்கு அடுத்து வருவது, பூதனையின் உயிரை உறிஞ்சிய சிறு குழந்தை. நாமோ தளர்ந்தவர்கள், அவனோ குழந்தைப் பருவத்திலும் விரோதியைத் தொலைக்க வல்லவன். நம் தளர்ச்சியைச் சொன்னது நம்மைத் தள்ளிவிட அன்று. பற்ற வேண்டியது நம் கோலையன்று, அவனை என்று காட்டவே. நான்காம் பதிகத்தில் மூப்பைப் பற்றிய பேச்சே இல்லை. முதற்பாசுரம் வராஹனாய் நிலத்தை இடந்து எடுத்ததைச் சொல்கிறது. பாசுரந்தோறும் கங்கைக்கரையில் பத்ரிகாச்ரமத்தில் இருப்பவன் அவனே என்று முடிக்கிறார். கங்கை வானிலிருந்து மலையைப் பிளந்து இறங்கிய வேகத்தையும் அப்பதிகத்தில் பாடுகிறார். மூன்றாம் பதிகத்தில் நாம் ஏற வேண்டியதைச் சொன்னவர் நான்காம் பதிகத்தில் இறங்கி வருவதைச் சொல்கிறார். இறங்குவதே எம்பெருமானின் இயல்பு என்பது இங்கே விதைக்கப்படுகிறது. அது பூத்தது கடல்மல்லையில்.

கல்லில் எழுந்த இமயம்

கல்பாக்கத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் மாமல்லபுரம். ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாய், இடையே சவுக்கும் தாழையும் பனையும். பனிமலையின் சாயல் சிறிதும் இல்லாத இக்கரையில் பல்லவர்கள் ஓர் இமயத்தைப் படைத்தார்கள். ஊர் நடுவே இரு பெரும் பாறைகளில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கிய சிற்பத்தொகுதியை அர்ஜுனன் தபஸ் என்பர், பகீரதன் தபஸ் என்போரும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, அருகே பரமசிவன், பாறைகளின் இடைவெளியில் நீரோட்டமாய் நாகர்கள், வேடர், சிங்கம், மான், குட்டிகளோடு யானைக்கூட்டம், தவசியைப் போல் கைதூக்கி நிற்கும் பூனை எல்லாம் அங்கே உள்ளன. எந்தப் பெயரைக் கொண்டாலும் இடம் இமயமலையே.

இத்தொகுதியில் ஸ்ரீவைஷ்ணவர்கள் கண்டு நிற்க வேண்டிய இடம் நீரோட்டத்தின் இடப்பக்கக் கீழ்ப்பகுதி. அங்கே ஒரு சிறு கோயில், அதனுள் நின்ற திருக்கோலத்தில் திருமால், முன்னே அமர்ந்த தவசிகள், ஆற்றில் நீராடித் துணி பிழிவோர். இதைப் பத்ரிகாச்ரமம் என்றே கருதும் சிற்ப ஆராய்ச்சியாளர்கள் உளர். அர்ஜுனன் நரனுடைய அம்சம், கண்ணன் நாராயணன் என்று மஹாபாரதம் கூறுவதால் இக்கருத்து பொருத்தமுடையதாகிறது. அர்ஜுனன் தவம் புரியும் காட்சியின் கீழே நர நாராயணர்களின் ஆச்ரமம் இருப்பது இயல்பன்றோ! திருப்பிரிதிப் பதிகத்தின் களிறும் பிடியும் குகையும் இங்கே கல்லிலேயே நிற்பதுபோல் நமக்குத் தோன்றும். வதரிக்குச் செல்ல இயலாத அடியார் ஒருவர் இப்பாறைமுன் நின்று நான்காம் பதிகத்தை அநுஸந்தித்தால், அவர் கண்ணுக்கு மலையும் நதியும் ஆச்ரமமும் உடனே கிடைக்கும்.

ஆயினும் சிற்பம் காட்சியே, அர்ச்சாவதாரம் அன்று. நாம் சேர வேண்டியது அப்பாறைக்கு அருகிலேயே உள்ள ஸ்தலசயனப் பெருமாள் ஸந்நிதி.

புண்டரீகர் இறைத்த கடல்

இத்தலத்தின் புராணம் பலரும் அறிந்ததே. ஆனால் வதரிப் பதிகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மறுபடி நோக்க வேண்டும். புண்டரீக மஹரிஷி அரிய தாமரை மலர்களைக் கண்டார். இவை திருப்பாற்கடல் நாதன் திருவடிக்கே ஆகவேண்டும் என்று பறித்துக்கொண்டு புறப்பட்டார். இக்கரைக்கு வந்தபோது கடல் குறுக்கிட்டது. கடலைக் கடக்க வழியில்லை. இதை இறைத்துவிட்டால் வழி உண்டாகும் என்று எண்ணி, கையால் நீரை முகந்து வெளியே கொட்டத் தொடங்கினார். இரவும் பகலும் இறைத்தார்.

2004 டிசம்பர் 26 அன்று இக்கடல் எழுந்து வந்ததைக் கண்ட கல்பாக்கம் மாமல்லபுரம் மக்களுக்கு, கடலைக் கையால் இறைப்பது என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. உலகோர் அதைப் பேதைமை என்பர். ஆனால் அவர் கையிலிருந்த மலர் வாடவில்லை, அவர் ஆசையும் வாடவில்லை. அப்போது எம்பெருமான் வந்தான். எப்படி வந்தான்? சங்கு சக்கரம் ஏந்திக் கருடன்மேல் வரவில்லை. பசித்த ஒரு கிழவனாய் வந்தான். “பசிக்கிறது, உணவு கொண்டு வாரும், அதுவரை உம் கையின் வேலையை நான் செய்கிறேன்” என்றான். ரிஷி உணவு கொண்டுவரச் சென்றார். திரும்பி வந்து பார்த்தபோது கிழவனைக் காணோம். பாற்கடலில் துயில்பவன் அந்த மணல் தரையிலேயே, அவர் கொண்டுவந்த தாமரைகளை ஏற்றுக்கொண்டு சயனித்திருந்தான். ஸ்தலசயனம், தரைக்கிடை, என்ற பெயர் இதனால் வந்தது. ரிஷியும் ஸந்நிதியில் திருவடிவாரத்திலேயே இருக்கிறார். தாயார் நிலமங்கை நாச்சியார். உற்சவர் திருநாமம் உலகுய்ய நின்றான்.

வதரிப் பதிகத்தில் மூப்பு என்பது எம்பெருமானை அடைய விடாமல் தடுப்பது. கடல்மல்லையில் அந்த மூப்பையே எம்பெருமான் வேஷமாக எடுத்துக்கொண்டு அடியானைத் தேடி வருகிறான். இளையவர் சிரிக்கும் அந்த உருவம், போ என்று தள்ளப்படும் அந்த உருவம், அதுவே அவனுக்கு இங்கே வரத் தகுந்த உருவமாயிற்று. ஹனுமான் சட்டியில் பீமன் முன் கிழ வானரமாய்க் கிடந்தவர் பீமனின் வலிமையை அடக்க அவ்வுருவம் கொண்டார். இங்கே கிழவனாய் வந்தவனோ ரிஷியின் இயலாமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள வந்தான். அடியான் செய்யமுடியாத வேலையை நான் செய்கிறேன் என்று அவன் சொன்ன வார்த்தை, பத்ரிக்குப் போக முடியாத முதியவர்களின் கேள்விக்கு நேரான விடை.

இன்னொன்றும் நோக்குவோம். வதரியில் அவன் திருவடியருகே ஓடும் அலகநந்தை கங்கையாகி, ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து, கடைசியில் சேர்வது வங்கக்கடலில். அக்கடலே கடல்மல்லைக் கரையையும் கல்பாக்கத்துக் கரையையும் அலம்புகிறது. நாம் நதியின் மூலத்துக்கு ஏற முடியாவிடில், நதி இறங்கி வந்த கடலின் கரையில் நிற்கிறோம்.

வணங்குவோம் என்றவர் கண்டேன் என்றார்

ஆழ்வாரின் சொற்போக்கிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. வதரியின் முதற்பதிகத்தில் வணங்குவோம் என்று நெஞ்சை அழைக்கிறார். அது இனி நடக்க வேண்டிய செயல், போக வேண்டிய தூரம். கடல்மல்லையின் முதற்பதிகத்திலோ நான் கண்டது இங்கே என்று முடிந்த செயலாகப் பேசுகிறார். உலகை உண்டு உமிழ்ந்தவனை, குதிரையாய் வந்த அசுரன் வாயைப் பிளந்தவனை, ஆனையின் இடர் தீர்த்தவனை எல்லாம் கடல்மல்லைத் தலசயனத்தில் கண்டேன் என்கிறார். தொலைவில் இருப்பவனைப் பற்றிய பாட்டு அன்று அது. எதிரே தரையில் கிடப்பவனைக் கண்ட கண்ணின் பாட்டு.

இங்குள்ள இரண்டாம் பதிகம் இன்னும் ஒருபடி இறங்குகிறது. அதில் ஆழ்வார் எம்பெருமானைவிட அவனுடைய அடியார்களையே அதிகம் நோக்குகிறார். தலசயனத்து உறைவானை நினையாதவர்களை நாமும் நொடிப்பொழுதும் நினையோம் என்கிறார். அவனை வணங்கும் மனமுடையவர்களை வணங்கு என்று நெஞ்சுக்குச் சொல்கிறார். அவர்களே எமக்குக் குலதெய்வம் என்கிறார். வதரியில் எம்பெருமானைத் தேடிப் போகச் சொன்னவர், கடல்மல்லையில் அடியாரைத் தேடச் சொல்கிறார். பாகவத சேஷத்வம் என்று நம் பூர்வர்கள் கொண்டாடும் பொருள் இதுவே. ஆகவே முதுமையில் வீட்டைவிட்டு வெளியே போக முடியாத ஒரு பாகவதரின் இல்லத்துக்குச் சென்று அவரோடு திருமொழி ஸேவிக்கும் இளையவர், ஆழ்வார் காட்டிய வழியிலேயே யாத்திரை செய்தவராகிறார்.

பூதத்தாழ்வார் வைத்த முதலிடம்

கடல்மல்லை பூதத்தாழ்வாரின் திருவவதார ஸ்தலம். குருக்கத்தி மலரில் அவதரித்தவர் அவர். தாம் பிறந்த ஊரான மல்லையை இரண்டாம் திருவந்தாதியின் எழுபதாம் பாசுரத்தில் மங்களாசாஸனம் செய்கிறார். அப்பாசுரத்தில் எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் இடங்களை வரிசையாக அடுக்குகிறார். தஞ்சை, திருவரங்கம், திருத்தண்கால், திருவேங்கட மலை, திருப்பாற்கடல், மாமல்லை, கோவல், குடந்தை ஆகியவை அதில் உள்ளன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னே, வரிசையின் முதலில் அவர் வைத்த இடம் எது? அடியார்களின் உள்ளம்.

பாற்கடலும் அரங்கமும் பின்னே வர, அடியார் நெஞ்சு முன்னே வந்தது ஏன்? மலையிலும் கடலிலும் கோயிலிலும் அவன் வந்திருப்பது அடியார் நெஞ்சில் புக வழி பார்த்தே. அந்த நெஞ்சு கிடைத்தபின் மற்ற இடங்கள் அதற்கு வந்த வழிகளாக நிற்கின்றன. புண்டரீகர் நெஞ்சு கிடைத்ததனால்தான் கடற்கரை மணல் திவ்யதேசம் ஆயிற்று. இதைச் சொன்னவர் இந்தக் கரையிலேயே அவதரித்தவர் என்பது இங்குள்ள அடியார்களுக்குத் தனிப் பேறு.

இதனால் திவ்யதேச யாத்திரை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. உடையவரும் வடநாட்டு யாத்திரையில் வதரிக்கு எழுந்தருளினார் என்பது குருபரம்பரை. இயன்றவர் போகாமலிருப்பது சோம்பல், இயலாதவர் போகாமலிருப்பது இழவு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே பதிகத்தை உள்ளபடி உணர்ந்ததற்கு அடையாளம்.

அநுஷ்டானத்தில்

பத்ரிக்குச் செல்ல வலிமையுள்ளவர்கள் மாநில அரசின் யாத்திரைப் பதிவை முன்னரே செய்துகொண்டு, மழைமிகுந்த ஆடி ஆவணியில் மண்சரிவுக்கு இடமுண்டு என்பதை எண்ணி, கோடையின் தொடக்கத்திலோ மழை ஓய்ந்தபின்னரோ போவது நலம். மலையுயரத்துக்கு உடல் பழக ஜோஷிமட்டில் ஓரிரவு தங்கலாம், அங்கே நரஸிம்ஹனையும் ஸேவிக்கலாம். வழியில் திருப்பிரிதிப் பதிகத்தையும், ஸந்நிதியில் வதரிப் பதிகங்கள் இரண்டையும் அநுஸந்திக்கலாம்.

போக இயலாதவர்கள் கடல்மல்லைக்கு வரலாம். சமநிலம், படியேற்றம் இல்லாத ஊர். முதலில் பாறைச்சிற்பத்தின் இடப்பக்கத்துச் சிறு கோயிலைக் கண்டு பத்ரிகாச்ரமத்தை நினைத்து, பின்னர் ஸ்தலசயனப் பெருமாளையும் நிலமங்கை நாச்சியாரையும் பூதத்தாழ்வாரையும் ஸேவிக்கலாம். வதரிப் பதிகம் வராஹனைச் சொல்லித் தொடங்குவதை நினைப்பவர்கள், இவ்வூரில் திருவலவெந்தை ஆதிவராஹனையும், வடக்கே திருவிடவெந்தை நித்யகல்யாணப் பெருமாளையும் சேர்த்து ஸேவித்தால் நிறைவாகும். அதற்கும் வர இயலாமல் வேற்று நாட்டில் ஓர் அறையில் இருப்பவர்கள், இருந்த இடத்திலேயே எழுபதாம் பாசுரத்தை அநுஸந்தித்து, அதன் முதற்சொல்லில் தங்கள் பெயரும் அடங்கியிருப்பதை அறிந்து ஸுகித்திருக்கலாம்.

மூப்பு வருமுன் வணங்குவோம் என்று ஆழ்வார் அழைத்தது உண்மை. மூப்பு வந்தபின் எம்பெருமான் தானே மூத்த உருவில் வந்து, உம் கையின் வேலையை நான் செய்கிறேன் என்பதும் அவ்வளவு உண்மை. முதல் வார்த்தை நம் கடமையைச் சொல்லும். இரண்டாவது வார்த்தை அவன் க்ருபையைச் சொல்லும். இரண்டும் சேர்ந்ததே பெரிய திருமொழி காட்டும் வழி.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம். பூதத்தாழ்வார் திருவடிகளே சரணம்.